சுவருக்குள் மீன்தொட்டி: மீதிப் பணம் கொடுக்குமுன் உள்ளே கை போகிறதா என்று பாருங்கள்

வீட்டுச் சுவருக்குள் மீன்தொட்டி பதிக்க ஏற்பாடு செய்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வீட்டு வேலையை எடுத்த உள்அலங்கார ஒப்பந்ததாரர், பார்த்தவர் எல்லாம் பாராட்டும்படி ஒரு சுவரைக் கட்டிக் கொடுத்தார். ஆனால் அந்தச் சுவருக்குள் மீன் வளர்க்க முடியாது. தொட்டியின் அடிவரை கை எட்டாது. ஃபில்டரை வெளியே எடுக்க முடியாது. உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழியில்லை. போதாக்குறைக்கு, மீன்கள் நீந்திக்கொண்டிருந்த தொட்டியின் அடியிலேயே வார்னிஷ் அடிக்க வைத்து அவற்றில் பெரும்பாலானவற்றைச் சாகடித்தார். கேட்டபோது தொட்டி செய்தவர் மேல் பழியைப் போட்டார்.

கூடத்துக்கும் படிப்பறைக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரில்தான் தொட்டி. கூடத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி மட்டும் தெரிய வேண்டும், பராமரிப்பு வேலையெல்லாம் படிப்பறைப் பக்கம் நடக்க வேண்டும் என்பது திட்டம். தொட்டிக்கு மேலே உள்ள பலகை முழு நீளத்துக்கும் கீலில் திறக்க வேண்டும், தேவைப்பட்டால் தொட்டியையே வெளியே எடுக்கும்படி பின்பக்க அலமாரி கழல வேண்டும், காற்றோட்டத்துக்குத் துளைகளும் சிறு மின்விசிறியும் வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். “எல்லாம் செய்துவிடலாம் சார், இதுபோல் எத்தனையோ செய்திருக்கிறோம்” என்றார். கைப்பேசியில் படங்களும் காட்டினார். எல்லாமே முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. அலமாரியைத் திறந்து காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

முதல் உரசல் எடை விஷயத்தில் வந்தது. தொட்டியின் நீளம் 150 செ.மீ., அகலம் 50 செ.மீ., உயரம் 60 செ.மீ. விளிம்புவரை நிரப்பினால் 450 லிட்டர் பிடிக்கும். அதாவது நீர் மட்டுமே 450 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ என்பதால் தொட்டியின் எடை சுமார் 95 கிலோ. சரளை, கற்கள், மரக்கட்டை எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டிவிடும். இத்தனை பாரத்தையும் சுவரை உடைத்தபின் மிஞ்சிய செங்கல் விளிம்பின் மேலும் ஒரு பிளைவுட் சட்டத்தின் மேலும் ஏற்றிவிடப் பார்த்தார் ஒப்பந்ததாரர். தொட்டி செய்து கொடுத்தவர் பிடிவாதமாக மறுத்தார். பாரம் சுவரில் இறங்கக் கூடாது, இரும்புத் தாங்கி வழியாக நேரே தளத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லித் தாங்கியைத் தானே செய்துகொண்டுவந்து வைத்தார். ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் சரிபார்த்த பிறகே தொட்டியை ஏற்றினார். அன்று அவர் விட்டுக்கொடுத்திருந்தால் இந்தப் பதிவு இன்னும் மோசமான செய்தியைச் சொல்லியிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை பயன்பாட்டுச் சுமை தாங்கும் கணக்கில்தான் வடிவமைக்கப்படுகின்றன. 600 கிலோ தொட்டி முக்கால் சதுர மீட்டரில் நிற்கிறது. விட்டத்தின் மேலா, தளத்தின் நடுவிலா, எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். மாடியில் வைப்பவர்கள் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. சுவரில் திறப்பு வெட்டும்போதும் அப்படித்தான். மேலே உள்ள செங்கல்லைத் தாங்க முறையான லிண்டல் வேண்டும். ஜன்னல் வைக்கத் தெரிந்த கொத்தனாருக்கு இது தெரியாததல்ல. என் வீட்டில் பிளைவுட் பலகையைச் செருகிப் புட்டி பூசி மறைத்திருந்தார்கள். பிறகு அதைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

முன்பக்கச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு பக்கமும் கண்ணாடியை 3 செ.மீ. அளவுக்கு உள்வாங்கி மூடியிருந்ததால் மூலைகளின் சிலிக்கானும் நீர்மட்டக் கோடும் சரளையின் அடிவிளிம்பும் கண்ணில் படவில்லை. பதித்த தொட்டியின் அழகே அதில்தான் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் பார்வை தொட்டியின் நடுவில் விழும்படி உயரமும் பொருத்தமாக அமைந்திருந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தைக் கண்ணாடியோடு இறுக்கி வைத்திருந்தார். தொட்டி செய்தவர் ஒரு தாளை எடுத்துச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைக்கப் பார்த்தார். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு போனது, இன்னோரிடத்தில் நுழையவே இல்லை. இந்த அளவுத் தொட்டி நிரம்பியிருக்கும்போது முன் கண்ணாடி மேல் நீர் கொடுக்கும் மொத்த அழுத்தம் ஏறக்குறைய 270 கிலோ பாரத்துக்குச் சமம். நிரப்பியதும் கண்ணாடி நுண்ணிய அளவில் வெளிப்பக்கம் வளையும். மரச்சட்டமோ ஈரத்தில் உப்பும். இரண்டும் ஒன்றையொன்று ஓரிடத்தில் மட்டும் முட்டினால் அங்கேதான் விரிசல் தொடங்கும். சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மென்மையான நுரைப்பட்டை ஒட்டியிருந்தால் போதும். செலவும் இல்லை, தாமதமும் இல்லை. செய்யவில்லை.

இப்போது மேல்பலகைக்கு வருகிறேன். முழு நீளத்துக்கும் திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பலகை அசையாதபடி திருகி மூடப்பட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு சிறு கதவு. அதைத் திறந்தால் தொட்டி விளிம்புக்கும் மேல்தட்டுக்கும் இடையே ஒரு சாண் உயரம்கூட இல்லை. தீவனம் தூவலாம், அவ்வளவுதான். 60 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் அழுகிய இலையை எடுக்க வேண்டுமானால் தோள்வரை கை உள்ளே போக வேண்டும். அதற்குத் தொட்டிக்கு மேலே குறைந்தது 45 செ.மீ. வெற்றிடமாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தொட்டியின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் இன்னும் நல்லது. இதைக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “மேலே பெரிய கதவு வைத்தால் கோடு விழும் சார், பார்வைக்கு நன்றாக இருக்காது.” வாரந்தோறும் நீர் மாற்ற வேண்டிய, பாசி சுரண்ட வேண்டிய, மீன் நோய்வாய்ப்பட்டால் வலை போட்டுப் பிடிக்க வேண்டிய உயிருள்ள ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

கீழ் அலமாரியும் அதே லட்சணம்தான். தொட்டிக்கு வெளியே நின்று குழாய் வழியாக நீரை இழுத்துச் சுத்தம் செய்யும் கேனிஸ்டர் ஃபில்டரை உள்ளே வைத்துவிட்டுப் பிறகு கதவுச் சட்டத்தை அடித்திருக்கிறார்கள். ஃபில்டர் கதவைவிட அகலம். வெளியே எடுத்துக் கழுவ வழியில்லை. குழாய்கள் போகும் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டதால் அவற்றைக் கழற்றவும் முடியாது, அறுத்தால்தான் உண்டு. மின் சாக்கெட்டுகளைத் தொட்டி விளிம்புக்கு நேர் கீழே வரிசையாக வைத்திருந்தார் அவருடைய எலக்ட்ரீஷியன். ஒயர்கள் மேலிருந்து நேராக இறங்கிப் பிளக்கில் முடிந்தன. ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து பிறகு மேலேறினால், வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நேராக இறங்கினால் சாக்கெட்டுக்குள் போகும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தவும் இல்லை. மீன் செத்தால் துக்கம். தண்ணீருக்குள் கை விடும் மனிதர் செத்தால் யார் பதில் சொல்வது?

உள்ளே பயன்படுத்திய பொருட்களைப் பற்றியும் சொல்கிறேன். தொட்டிக்கு மேலும் கீழும் எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும்) பலகை, பக்கங்களில் சாதாரண ஜிப்சம் பலகை. 25, 26 டிகிரி வெப்பத்தில் இருக்கும் நீர் இரவும் பகலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி மூடிய பெட்டிக்குள் எங்கே போகும்? பலகையில்தான் படியும். எம்.டி.எஃப். விளிம்புகள் ஊறிய அப்பளம்போல் உப்பி, ஒட்டிய லேமினேட் பிரிந்து வந்தது. ஜிப்சத்தில் கரும்பூஞ்சணம் படர்ந்து படிப்பறை முழுவதும் புழுங்கல் வாடை. பச்சை நிற ஈரத்தடுப்பு ஜிப்சம் பலகைகூட ஈரக்காற்றைத்தான் ஓரளவு சமாளிக்கும்; நீர் தெறிக்கும் இடத்துக்குச் சிமெண்ட் பலகையே சரி. மரம் வேண்டுமென்றால் நீர் தாங்கும் பிளைவுட், அதுவும் எல்லா விளிம்புகளையும் அடைத்த பிறகு. செம்பு கலந்த மரப்பாதுகாப்புத் திரவம் எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுவரவே கூடாது. செம்பு மிகக் குறைந்த அளவிலேயே இறால்களையும் நத்தைகளையும் கொல்லும்.

அலமாரி மூலையில் தொழிலாளர்கள் விட்டுச் சென்ற சிலிக்கான் குழல் ஒன்று கிடைத்தது. தொட்டியின் மேல்விளிம்புக்கும் பலகைக்கும் இடையே பூசியது அதைத்தான். உறையில் “பூஞ்சணத் தடுப்பு” என்று பெரிதாகவே அச்சிட்டிருந்தது. குளியலறைக்கு அது நல்ல சரக்கு. பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கலந்திருப்பதால்தான் மீன்தொட்டிக்கு ஆகாது. அந்த விளிம்பில் படியும் நீர்த்துளிகள் திரும்பத் தொட்டிக்குள்தான் சொட்டின.

இத்தனையையும் மீறித் தொட்டிக்குள் உயிர்கள் வாழத் தொடங்கியிருந்தன என்பதுதான் என்னால் ஆறவே முடியாத விஷயம். மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தின்னும் பாக்டீரியாக்கள் வளரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, பரிசோதனைத் திரவத்தில் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்களை விட்டோம். நியான் டெட்ராக்கள், சில ஏஞ்சல்கள், அடியில் மேயும் கோரிடோரஸ் கூட்டம். அலமாரியைப் பற்றிய என் புகாருக்குப் பதிலாக ஒப்பந்ததாரர் இருவரை அனுப்பிவைத்தார். நான் வீட்டில் இல்லாத நேரம். உப்பிய பலகைகளை மாற்றாமல், அதன் மேலேயே தின்னர் கலந்த வார்னிஷை அடித்துவிட்டு, தூசி படக்கூடாதென்று கதவுகளையும் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏர் பம்ப் அந்த அலமாரிக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏர் பம்ப் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். கதவு மூடிய அலமாரியில் அன்று இருந்தது வார்னிஷ் ஆவி. நான் வந்து பார்த்தபோது ஏஞ்சல்கள் நீர்ப்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன. டெட்ராக்கள் ஃபில்டரின் உறிஞ்சு குழாயில் ஒட்டிக் கிடந்தன. பம்ப்பை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, நீரை மாற்றத் தொடங்கினேன். உயிரோடிருந்தவற்றை வேறு வாளிக்கு மாற்றலாம் என்றால் அந்தச் சிறு கதவு வழியாக வலை திரும்பவில்லை. திருப்புளியை எடுத்து மேல்பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. பலகை கையோடு வந்தபோது ஏஞ்சல்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. கோரிடோரஸ்களில் சில பிழைத்தன.

“தொட்டித் தண்ணீரில் ஏதாவது கோளாறு இருக்கும் சார். தொட்டிக்காரரைக் கேளுங்கள்.” ஒப்பந்ததாரர் சொன்னது இதுதான். வார்னிஷ் டப்பாவின் மேலேயே, நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்தவும் என்ற எச்சரிக்கை இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. மீதிப் பணம் கேட்டு மட்டும் ஆள் வந்தார். நான் எழுதிக் கொடுத்த தாளின் நகலையும், செய்யாமல் விட்டவை ஒவ்வொன்றின் படத்தையும் அவர் கையில் கொடுத்து, இவை முடிந்தால் பணம் என்று அனுப்பிவிட்டேன். அத்தோடு பேச்சு நின்றது.

பிறகு வேறொரு ஆசாரியை வைத்து எல்லாவற்றையும் பிரித்தோம். நல்ல மனிதர். முதல் நாளே தொட்டி செய்தவரையும் கூட்டி வரச் சொன்னார். இருவரும் சேர்ந்து அளவெடுத்தார்கள். லிண்டலைக் கொத்தனார் முறையாகப் போட்ட பிறகு, மேலே முழுநீளக் கதவு கீலில் தொங்குகிறது. சட்டம் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் கையோடு வந்துவிடும். மேல்பகுதியில் ஈரக்காற்றை வெளியே தள்ளும் விசிறி, கீழே காற்று நுழையும் துளைகள். பெயின்ட் முழுவதும் காய்ந்து வாடை அடங்கும்வரை கோரிடோரஸ்கள் வேறு அறையில் ஒரு பெட்டியில் இருந்தன.

நீங்கள் இப்படி ஒரு வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியையாவது எழுதி வாங்குங்கள்: தொட்டியில் நீர் நிரம்பியிருக்கும்போது அடிச்சரளையைக் கையால் தொடவும், ஃபில்டரைக் கழற்றி வெளியே எடுத்துத் திரும்ப மாட்டவும் முடிந்த பிறகே கடைசித் தவணை. மீன் விட்ட பிறகு அந்த அறையில் பெயின்ட், வார்னிஷ், பசை எதுவும் உங்களைக் கேட்காமல் திறக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டி செய்பவரும் சுவர் செய்பவரும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திடட்டும். அப்போதுதான் ஒருவர் மேல் ஒருவர் பழி போட வழியிருக்காது.

என் வீட்டுக் கூடத்தின் படம் இன்னும் அந்த ஒப்பந்ததாரரின் கைப்பேசியில் இருக்கிறது. அண்மையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கே அதைக் காட்டி வேலை கேட்டிருக்கிறார். வெள்ளைச் சுவர், கருநிறச் சட்டம், நடுவில் ஏஞ்சல்கள் நீந்தும் படம். உங்களிடம் யாராவது அப்படியொன்றைக் காட்டினால், அந்த வீட்டுக்காரரிடம் நேரில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.