இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கும் என் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, ஆன்லைன் ஏலத்துல கார் எடுக்கலாமா? நீங்க எடுத்தீங்களே, எப்படி ஓடுது?" அன்றைக்குக் காலையில்தான் சாவிக்காரருக்கு 4,600 ரேண்ட் அழுதிருந்தேன். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டேன். பாவம், அவன் கேட்ட நேரம் சரியில்லை. கோபம் கொஞ்சம் ஆறியபிறகு எழுதுகிறேன்.

வண்டி 2016 டொயோட்டா கொரோல்லா குவெஸ்ட், 1.6 லிட்டர் இஞ்சின். டர்பன்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நம் ஊர் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் செய்த வண்டிதான். தவணை கட்டாததால் வங்கி பிடித்து ஏலத்துக்கு விட்டது. 2022 அக்டோபரில் எடுத்தேன். அப்போது 1,48,000 கிலோமீட்டர், இப்போது 2,11,000. பிரேக் பேட் இரண்டு தடவை, ஒரு வீல் பேரிங், ஒரு பேட்டரி, அவ்வளவுதான் செலவு. சாட்ஸ்வொர்த் மேடுகளில் ஏசி போட்டு ஐந்து பேரோடு ஏறினால் கொஞ்சம் முனகும். ஆனால் ஏறிவிடும்.

ஏலம் 96,000-க்கு முடிந்தது. அதை வண்டி விலை என்று நம்பினால் ஏமாந்தோம். அதன்மேல் பத்து சதவீதம் கமிஷன், கமிஷனுக்கு 15 சதவீதம் வாட் வரி, ஆவணக் கட்டணம் 3,450. ஆக 1,10,490. சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனை, பெயர் மாற்றம், முன்கண்ணாடியில் ஒட்டும் லைசன்ஸ் டிஸ்க் எல்லாம் தனி. மொத்தக் கணக்கையும் முன்கூட்டியே போட்டு, என் உச்சவரம்பைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். கடைசி நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் கடிகாரம் இன்னும் சில நிமிடம் நீளும். கை பரபரக்கும் அந்த நேரத்தில் ஃபிரிட்ஜைப் பார்க்க வேண்டும்.

நான் பயந்தது வெள்ளத்துக்கு. அந்த வருடம் ஏப்ரலில் டர்பன் மூழ்கியது நினைவிருக்கும். ப்ராஸ்பெக்டன் ஆலையிலேயே தண்ணீர் புகுந்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட புது வண்டிகளை டொயோட்டா விற்காமல் நசுக்கிப் போட்டது. ஆனால் தெருவில் மூழ்கிய பழைய வண்டிகள் எங்கே போயின? அதனால் பார்வை நாளன்று ஏல வண்டிகள் நிற்கும் யார்டுக்குப் போய் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், சேற்றுக் கறை இருக்கிறதா என்று. ஸ்பேர் டயர் பள்ளத்தில் கைவிட்டேன். கம்பளத்தைத் தூக்கி மோந்துகூடப் பார்த்தேன், காவலாளி சிரித்தார். கண்ணாடிக்கு அடியில் உள்ள சேஸிஸ் எண்ணை டிஸ்க்கோடு ஒப்பிட்டேன். பதிவில் கோட் 2, அதாவது சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் உடைத்துக் கட்டியது, நமக்கு வேண்டாம். ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்கலாம், அவ்வளவுதான். யார்டையே கண்ணால் பார்க்காமல் டெபாசிட் அனுப்புகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனையும் பார்த்தவன் ஏலப் பட்டியலில் இருந்த ஒரு வரியை மட்டும் கண்டுகொள்ளவில்லை. "சாவி: 1."

அவர்கள் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதனால் சண்டை போடவும் வழியில்லை. கடையில் வாங்கினால் பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது. ஏலத்தில் எடுத்த பொருளுக்கு அந்தப் பிரிவு கிடையாது. ஃபுட்ஸ்டூட்ஸ்தான். இருக்கிறபடியே எடு, போ.

ஒரு சாவிதானே, இன்னொன்று செய்துகொள்ளலாம் என்று இரண்டரை வருடம் தள்ளிப்போட்டேன். ஆனால் மற்றது யாரோ ஒருவர் வீட்டு இழுப்பறையில் கிடக்கிறதே என்ற எண்ணம் போகவில்லை. வண்டியை இழுத்துக்கொண்டு போனபோது வாசலில் நின்று பார்த்த மனிதராக இருக்கும். கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ராத்திரி தெருவில் ஒரு கதவுச் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போவது நான்தான். கியர் லாக் போட்டேன், இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டபடி டிராக்கர் போட்டேன். தூக்கம் மட்டும் பழையபடி வரவில்லை. இந்த எரிச்சலை எந்த விலைப் பட்டியலும் காட்டாது.

புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். சாவியை வேட்டி மடிப்பில் செருகியிருந்தேன். கூட்டத்தில் நெருக்கியதில் அதன் பிளாஸ்டிக் தலை முறிந்து, தகடு தனியாகக் கையில் வந்தது. தகட்டை மட்டும் போட்டுத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. உள்ளே இருக்கும் சிப் தலையோடு போய்விட்டதே! கடைசியில் மனைவி அந்த உடைந்த தலையைச் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பிடிக்க, நான் தகட்டைத் திருப்ப, வண்டி கிளம்பியது. திங்களும் விடுமுறை என்பதால் நாலு நாள் இப்படியே இரண்டு பேர் சேர்ந்துதான் கார் ஸ்டார்ட் செய்தோம். மனைவிக்கு இதில் ஒரே சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை சாவிக்காரர் வீட்டுக்கே லேப்டாப்போடு வந்தார். இரண்டு புதுச் சாவி செய்து, வண்டியின் நினைவிலிருந்த பழைய சிப்புகளை எல்லாம் அழித்துவிட்டார். முக்கால் மணி நேர வேலை. இதை 2022-லேயே செய்திருந்தால் எத்தனை ராத்திரி மிஞ்சியிருக்கும் என்று யோசித்தபோதுதான் மருமகனின் செய்தி வந்தது.

அவனுக்கு என் தீர்ப்பு அதேதான்: எடுக்காதே. உனக்குப் பொறுமை கிடையாது, பட்டியலைக் கடைசி வரிவரை படிக்கமாட்டாய், ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளையும் பார்க்கமாட்டாய். நானோ, மனைவிக்கு ஒரு சின்ன வண்டி பார்க்கிறேன். அடுத்த மாத ஏலத்துக்கு டெபாசிட் கட்டியாகிவிட்டது.

ஒன்று விட்டுப்போனது. சாவிக்காரர் கிளம்பும்போது சொன்னார்: "பழைய சாவியால இஞ்சின் இனிமே கிளம்பாது அண்ணா. கதவு மட்டும் திறக்கும். அதுக்குப் பூட்டையே மாத்தணும்."

பூட்டின் விலையை நான் கேட்கவில்லை.