ஆர்எஸ்எஸ், ஆட்டம்: தமிழ்ச் செய்தித் தளத்துக்கு எந்த ஓடை?

எங்கள் ஊர்ச் செய்திகளுக்கென்று ஒரு சின்னத் தளம் வைத்திருந்தோம். அதன் செய்தியோடைக்கு, அதாவது புதுச் செய்திகளை வாசகரின் செயலி தானாக எடுத்துக்கொள்ள உதவும் கோப்புக்கு, நானே நிரல் எழுதினேன். ஓடைக்கு உள்ள இரண்டு முக்கிய வடிவங்களில் ஒன்றான ஆர்எஸ்எஸ் (RSS) 2.0தான். இன்னொன்று ஆட்டம் (Atom). ஒரு வாரம் கழித்து நண்பர் கூப்பிட்டு, "செய்தியெல்லாம் வரிசை மாறி வருதே, எது புதுசு எது பழசுன்னே தெரியல" என்றார். ஓடையைத் திறந்து பார்த்தால், தேதி "திங்கள், 06 செப்" என்று இருந்தது. தளத்தின் மொழியைத் தமிழுக்கு மாற்றியபோது ஓடையில் இருந்த தேதியும் சேர்ந்து தமிழாகிவிட்டது.

ஆர்எஸ்எஸ்ஸில் தேதியை ஆர்எஃப்சி 822 (RFC என்பது இணைய முறைகளை வகுக்கும் ஆவண வரிசை) முறையில்தான் எழுத வேண்டும். 1982இல் மின்னஞ்சலுக்காக வகுத்த முறை அது. கிழமைக்கும் மாதத்துக்கும் ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள் மட்டுமே அதில் செல்லும். ஆட்டத்தில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. ஆண்டு, மாதம், நாள், நேரம், நம் நேர வித்தியாசமான +05:30 என்று எல்லாமே எண்கள். அன்றிலிருந்து இரண்டு வடிவங்களையும் தமிழ்க் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

மூத்தது ஆர்எஸ்எஸ். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புத் தளத்துக்காக அதைக் கொண்டுவந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குகா சென்னை ஐஐடியில் படித்தவர். பிறகு ஆளுக்கொரு பதிப்பாகப் பிரிந்து, 2002இல் டேவ் வைனர் வெளியிட்ட 2.0தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அதில் தெளிவில்லாமல் விட்ட இடங்களைச் சரிசெய்யவே ஆட்டம் பிறந்தது. 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தரமாக வந்தது.

அந்தத் தெளிவில்லாத இடங்கள் என்னென்ன? முதலில், உள்ளடக்கம். ஆர்எஸ்எஸ்ஸில் விவரிப்புக்கு ஒரே ஒரு பெட்டி. அதில் இருப்பது சுருக்கமா முழுச் செய்தியா என்று படிக்கும் செயலி ஊகிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் போன்ற தளம் நடத்தும் மென்பொருள்கள் முழுச் செய்திக்குத் தனி நீட்சி ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கின்றன. ஆட்டத்தில் சுருக்கத்துக்கு ஓர் இடம், முழு உள்ளடக்கத்துக்கு வேறோர் இடம். வெறும் எழுத்தா, வடிவமைப்புக் குறிகளோடு கூடிய எச்டிஎம்எல்லா என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்தது மொழி. ஆர்எஸ்எஸ் முழு ஓடைக்கும் ஒரே மொழிக் குறிப்பைத்தான் தருகிறது. ஆட்டத்தில் ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாகக் குறிக்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் தளத்துக்கு, அதுவும் செய்தியைக் குரலில் கேட்கும் வாசகருக்கு, இது பெரிய உதவி. சரியான குரலைச் செயலி தேர்ந்தெடுக்க அந்தக் குறிப்பு துணை செய்யும்.

செய்தியின் அடையாளத்தையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் ஒவ்வொரு செய்திக்கும் மாறாத அடையாளம் கட்டாயம், திருத்திய நேரமும் கட்டாயம். ஆர்எஸ்எஸ்ஸில் இரண்டுமே கட்டாயமில்லை. அடையாளம் இல்லாத ஓடையில் தலைப்பையோ சுட்டியையோ திருத்தினால், அதே செய்தி வாசகருக்குப் புதுச் செய்தியாக மறுபடியும் போய் நிற்கக்கூடும்.

எந்த வடிவம் எடுத்தாலும் தப்பமுடியாத ஒன்று உண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'கு' என்ற ஒரே எழுத்து ஆறு பைட் பிடிக்கும். "முதல் 200 பைட்" என்று சுருக்கத்தை வெட்டினால் எழுத்தின் நடுவில் கத்தி விழலாம். அப்படி உடைந்த ஒரு பைட்டால், கண்டிப்பான செயலி முழு ஓடையையே நிராகரித்துவிடும். ஆகவே சொல் எல்லையில் வெட்டுங்கள். அதைவிட நல்லது, முழுச் செய்தியையும் கொடுத்துவிடுவது.

ஆர்எஸ்எஸ் வெல்லும் இடமும் இருக்கிறது. பாட்காஸ்ட் என்றால் ஆப்பிள் கேட்பது ஆர்எஸ்எஸ் 2.0தான், அங்கே பேச்சே இல்லை. 2017இல் வந்த இன்னொரு ஓடை வடிவமான ஜேசன் ஃபீட் (JSON Feed) நிரலாளருக்கு மிக எளிது, தேதி முறையும் ஆட்டத்துடையதுதான். ஆனால் எல்லாச் செயலியும் அதைப் படிப்பதில்லை என்பதால், கூடுதலாக வைக்கலாம், தனியாக வைக்க வேண்டாம். கையால் ஓடை செய்யும் தமிழ்த் தளத்துக்கு என் தேர்வு ஆட்டம். வேர்ட்பிரஸில் இருப்பவர்கள் அதன் ஆர்எஸ்எஸ்ஸையே வைத்துக்கொள்ளலாம், தேதியையும் அடையாளத்தையும் அதுவே ஒழுங்காகப் போட்டுவிடுகிறது.

அப்புறம், ஓடையை எதில் படிப்பது? நம்மில் பலர் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற, பல வலைப்பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டிகளில்தான் ஓடையின் அருமையை அறிந்தோம். ஓடை படிக்கும் செயலியான கூகுள் ரீடர் 2013 ஜூலை 1இல் மூடப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2018 இறுதியில் ஓடை காட்டும் வசதியை நீக்கியது. இப்போது இரண்டு வழிகள். ஃபீட்லி, ஐநோரீடர் போன்றவை தங்கள் சர்வரில் ஓடையைத் தொடர்ந்து எடுத்து வைக்கும். தண்டர்பேர்ட் போன்றவை நம் கணினியில் திறந்திருக்கும்போது மட்டும் எடுக்கும்.

இந்த வேறுபாடு ஓடை செய்பவரையும் தொடுகிறது. வேர்ட்பிரஸ் ஓடையில் இயல்பாக இருப்பது கடைசிப் 10 பதிவுகள். தினம் 30 செய்தி போடும் தளமென்றால், ஒரு நாள் கணினியைத் திறக்காத தண்டர்பேர்ட் வாசகருக்கு 20 செய்திகள் கண்ணில் படாமலே போகும். வேர்ட்பிரஸின் வாசிப்பு (Reading) அமைப்பில் அந்த எண்ணை 50 ஆக்குங்கள். கோப்பு பெரிதாகிறதே என்று கவலை வேண்டாம். மாற்றமில்லாதபோது சர்வர் 304 என்று பதில் சொல்லும்படி வைத்தால், ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பும் போகாது.

எங்கள் தளத்தில் இப்போது ஆட்டம் ஓடை, கடைசி 50 செய்திகள், முழு உரையோடு. முகப்பில் ஓடையைக் குறிக்கும் ஆரஞ்சு அடையாளத்தையும் திரும்ப வைத்துவிட்டோம். பக்கத்தின் தலைப்பகுதியில் ஓடையின் முகவரியைச் சொல்லும் ஒரு வரியும் சேர்த்தாயிற்று. தளத்தின் பெயரை மட்டும் செயலியில் போட்டாலே ஓடை கிடைத்துவிடுகிறது.