அரைக் கேன் தண்ணீரும் ஒரு நாள் வகுப்பும்: டேங்கர் ஓட்டுநர் பயிற்சி பற்றி

கடலூர் சிப்காட்டிலிருந்து புதுச்சேரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் காஸ்டிக் சோடா (தோலையும் கண்ணையும் அரிக்கும் காரம்) கரைசல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரியை ஒன்பது ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகள் நெல், சிமெண்ட், முந்திரி ஏற்றும் சாதாரண லாரிதான். அபாயகரமான பொருள் ஏற்றுகிறவர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்பது சட்டம். முன்பு இது ஆண்டுக்கு ஒருமுறை இருந்தது; 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகிவிட்டது. அப்படிக் கடலூரை ஒட்டிய ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு அண்மையில் போய்வந்தேன். குறைகளையும் எழுதப்போவதால் மையத்தின் பெயரைச் சொல்லவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு முன் போன வகுப்புகளில் நான் பின் வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்தவன். இந்த முறையும் அப்படித்தான் போனேன். காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் அந்த எண்ணத்தை மாற்றவில்லை. பதிவேடு, உரிமத்தின் நகல், புகைப்படம், கட்டணம் என்று அதிலேயே நேரம் போனது. பிறகு கையில் கொடுத்த முப்பது பக்கக் குறிப்பேடு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. இந்த உரிமத்துக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இருப்பது உண்மைதான். ஆனால் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் எழுதத் தெரிவது வேறு, கண்ணில் ரசாயனம் தெறித்த நேரத்தில் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. வந்திருந்த இருபது பேரில் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். மற்றவர்களுக்கு அது விசிறியாகப் பயன்பட்டது.

வகுப்பு உயிர் பெற்றது பதினோரு மணிக்கு மேல்தான். பணிமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஒரு பெரியவர், நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய பலகை ஒன்றையும், குடிநீர் வரும் இருபது லிட்டர் கேன் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். கேனில் பாதிக்குத் தண்ணீர். அதைப் பலகையின் மேல் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டி, மேசையின் மேல் தள்ளிவிட்டு, சட்டென்று கையால் நிறுத்தினார். பலகை நின்றது. அவர் கையை எடுத்தார். யாரும் தொடாமலே பலகை இன்னொரு சாண் முன்னே நகர்ந்தது.

"யாரு தள்ளினா அண்ணே?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பிரேக் அடித்ததும் தண்ணீர் முன்பக்கச் சுவரில் மோதி, பின்னால் போய், மறுபடியும் முன்னால் வருகிறது. வண்டி நின்றுவிட்டது என்று நாம் காலை எடுக்கும் நேரத்தில்தான் அந்த இரண்டாவது தள்ளு வருகிறது என்று விளக்கினார்.

எனக்கு அரியாங்குப்பம் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நெரிசலில் ஒரு பள்ளி வேனுக்குப் பின்னால் சரியாகத்தான் நிறுத்தினேன். நின்றதும் பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்திக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். வண்டி தானாக முன்னே போய், வேனின் பின்பக்கப் பம்பருக்கும் என் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் மிஞ்சியது. சாலை சரிவாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் சரிவே கிடையாது என்பது அதற்குப் பிறகு அந்த வழியில் நூறு முறை போயும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து அவர் கேனை முழுக்க நிரப்பிக் காட்டினார். பலகை நின்ற இடத்திலேயே நின்றது. கால் பங்குக்குக் குறைத்தார். ஆட்டம் இருந்தது, ஆனால் தள்ளுவதற்குப் போதிய எடை இல்லை. மோசம் செய்வது பாதியும் முக்காலும்தான் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் வேலையில் அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. நாங்கள் ஏற்றும் அடர் காஸ்டிக் கரைசல் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. எடை மேடையில் சரக்கு மட்டும் பதினெட்டு டன் காட்டும்போது டேங்கில் இருப்பது பன்னிரண்டாயிரம் லிட்டர்தான். பதினாறாயிரம் லிட்டர் டேங்காக இருந்தால் கால் பங்கு காலி. கந்தக அமிலம் ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் மோசம். அது லிட்டருக்கு 1.84 கிலோ என்பதால் பதினெட்டு டன் என்பது பத்தாயிரம் லிட்டரைக்கூடத் தொடாது. ஆக, எடைக் கணக்கில் முழு லோடு என்று நாம் நினைக்கும் வண்டி, கொள்ளளவுக் கணக்கில் நிரம்பாமல் ஆடுகிற வண்டி.

இதைவிட முக்கியமானது புதுச்சேரியின் சேதராப்பட்டில் பாதியை இறக்கிவிட்டு மீதியுடன் அங்கேயே உள்ள மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகும் அந்தக் கொஞ்ச தூரம். பாதி இறங்கியதும் வண்டி இலேசாகிவிடும். ஆக்சிலேட்டர் மிதித்ததும் ஓடும். நமக்கும் வேலை முடிந்த மாதிரி மனசு. டேங்கர் ஓட்டுகிற பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் வேகம் கூட்டுகிறோம். பெரியவர் பலகையை வளைவில் திருப்பிக் காட்டியபோது பாதிக் கேன் கயிற்றையும் மீறிப் பக்கவாட்டில் உருண்டது. இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் போன்ற ரவுண்டானாக்களில் உள்ளே நுழைந்த பிறகு பிரேக் அடிக்காதீர்கள், நுழைவதற்கு முன்பே அடித்துவிடுங்கள் என்று அவர் சொன்னதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஏன் என்பதை இப்போதுதான் பார்த்தேன். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே அந்த வகுப்புக்குப் போகலாம்.

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எடுத்த அடுத்த வகுப்பும் பயனுள்ளதே. டேங்கரின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ஒட்டியிருக்கும் அவசரத் தகவல் பலகையில் பொருளின் பெயர், அதை அடையாளம் காட்டும் ஐ.நா. எண், ஆபத்து வகையின் படம், தொலைபேசி எண், விபத்து நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஹேஸ்கெம் குறியீடு ஆகியவை இருக்கும். பெட்ரோலுக்கு 1203, காஸ்டிக் கரைசலுக்கு 1824 என்று ஐ.நா. எண்கள் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் ஹேஸ்கெம் குறியீட்டின் முதல் எண் தீயணைப்பவருக்கு எதைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்கிறது என்பதும், 2 என்றால் தண்ணீர்த் தூறல், 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீரே கூடாது என்பதும், கடைசியில் ஈ (E) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சுற்றியுள்ளவர்களை அப்புறப்படுத்துவது குறித்து யோசிக்க வேண்டும் என்பதும் எங்களில் பலருக்குப் புதிது. பெட்ரோலின் குறியீடு 3 ஒய் ஈ (3YE). 2017 ஜூனில் பாகிஸ்தானின் பகாவல்பூர் அருகே கவிழ்ந்த பெட்ரோல் டேங்கரிலிருந்து வழிந்ததைப் பிடிக்கக் குடத்தோடு ஓடிவந்த ஊர்மக்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் தீயில் இறந்ததை அவர் எடுத்துச் சொன்னபோது அந்த ஒற்றை எழுத்தின் பொருள் புரிந்தது.

அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். காஸ்டிக் கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்கிறீர்கள். நடுச்சாலையில் நிற்கும் லாரியில் ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? சிறிது யோசித்துவிட்டு, இருபது லிட்டர் கேன் ஒன்றைக் குழாயோடு கேபினில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர் என்று மெல்லத் திறந்துவிட்டால் பதினைந்து நிமிடத்தைத் தாண்டும். சரியான பதில்தான். ஆனால் கேட்டால்தான் வருகிறது, குறிப்பேட்டில் இல்லை.

சாப்பாடு சாம்பார், ரசம், ஒரு வடை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையான மனக்குறை தூக்கத்தைப் பற்றி. நாள் முழுவதும் நடந்த வகுப்பில் அதற்கு ஒதுக்கியது பத்து நிமிடம், அதுவும் ஒரு படத்தைக் காட்டி, தூக்கம் வந்தால் ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். வண்டி கவிழ்ந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இரண்டரை மணி நேரம், கவிழ வைக்கும் காரணத்துக்குப் பத்து நிமிடம் என்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் போகிறது. மூன்று நொடி கண் சொக்கினால் ஐம்பது மீட்டர் கண்ணில்லாமல் போயாகிவிட்டது. விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே, ஆலப்பாக்கம் புதுச்சத்திரம் பக்கம் கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது, நான் எத்தனை ஐம்பது மீட்டர் அப்படிப் போயிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. டீ குடிப்பதும் முகம் கழுவுவதும் பத்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். ஓரமாக, சாலையை விட்டு முழுவதும் இறக்கி நிறுத்தி, இருபது நிமிடம் தூங்கி எழுவது மட்டும்தான் எனக்குப் பலித்தது.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் எங்களுக்குக் கூலி மணிக்கணக்கில் இல்லை, டிரிப் கணக்கில். முன்பு நான் வேலை பார்த்த ஒரு முதலாளி, சொன்ன நேரத்துக்கு முன் போய்ச் சேர்ந்தால் படியில் நூறு ரூபாய் கூடக் கொடுப்பார். தாமதமானால் கேள்வி கேட்பார். அந்த நூறு ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தூக்கத்தைப் பற்றி வகுப்பு எடுத்துப் பயனில்லை. இந்த வகுப்புக்கு ஓட்டுநர்களோடு வண்டி உரிமையாளர்களையும் அரை நாளாவது உட்கார வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று பயிற்றுநர் மகிழ்ச்சியாகச் சொன்னார். நல்ல செய்திதான். நான் ஓட்டுவது பழைய வண்டி; மே மாதம் எஞ்சின் மூடிமேல் கைவைக்க முடியாது. அந்தச் சூட்டில் பகலெல்லாம் ஓட்டியவனுக்கு இரவில் எப்படிக் கண் சொக்காமல் இருக்கும்?

நியூட்ரலில் உருட்டுவது பற்றியும் சொன்னார்கள். பாலத்தில் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போடுவது எங்களில் பாதிப்பேருக்கு உள்ள பழக்கம். டேங்கரில் எஞ்சினின் பிடி போய்விட்டால் அத்தனை எடையும் பிரேக்கின் மேல் விழும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி சாலையில் பின்விளக்கோ சிவப்பு ஒளிர்பட்டையோ இல்லாமல் இரவில் ஊர்ந்து போகும் கரும்பு டிராக்டர்களைப் பற்றி யாரும் பேசவே இல்லை. இந்த மாவட்டத்தில் நடக்கும் வகுப்பில் அது இல்லாதது வியப்புதான்.

மாலையில் நடந்தது ஒன்றை மட்டும் விட்டுவிட முடியாது. மையத்தின் பின்புறம் நிறுத்தியிருந்த பத்து சக்கர வண்டியில் என்னை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினார்கள். கண்ணாடிகளைச் சரிசெய்யச் சொன்னார்கள். பிறகு முன்பக்க இடது மூலையில் ஆட்களை நிற்க வைத்து, எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று கேட்டார்கள். ஒருவரும் தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால், கையை நீட்டினால் கதவைத் தொடும் தூரத்தில் ஐந்து பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த மூலையைத் தெரிந்து வைத்திருப்பதாக நினைத்திருந்தேன். முதலியார்பேட்டையில் இடதுபக்கம் திரும்பும்போது கிளீனரைத் தலையை வெளியே நீட்டிப் பார்க்கச் சொல்வேன். அவன் இல்லாத நாள்களில் ஹார்ன் அடித்துக்கொண்டே திரும்பியிருக்கிறேன். இப்போது கிளீனர் இல்லாமல் இடது திருப்பம் எடுப்பதானால் முழுவதும் நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன். பின்னால் எவ்வளவு ஹார்ன் அடித்தாலும் சரி.

வருந்தத்தக்கது என்னவென்றால், சான்றிதழ்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்களில் பாதிப்பேர் லோடு இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார்கள். அந்தக் கண்ணாடிப் பயிற்சியின்போது நாங்கள் ஒன்பது பேர்தான் இருந்தோம். வெளியே வரும்போது கருத்துப் புத்தகத்தை நீட்டினார்கள். பயிற்றுநர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், குறிப்பேட்டைத் தமிழில் தாருங்கள், சான்றிதழை ஐந்து மணிக்கு முன் கொடுக்காதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.