க்விக் ஒயரில் பிஎம்இ280: சாலிடரிங் இல்லாமல் ஒரு சென்சார்

பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளைப் பலகை) செருகிய ஜம்பர் ஒயர்களில் ஒன்று தளர்ந்து போனது தெரியாமல், கோடில்தான் தப்பு என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்சாரை போர்டில் மாட்டுவதற்கான ஸ்பார்க்ஃபன் நிறுவனத்தின் க்விக் இணைப்பில் மொத்தமே நான்கு ஒயர். கறுப்பு கிரவுண்ட், சிவப்பு 3.3 வோல்ட், நீலம் டேட்டா, மஞ்சள் கிளாக். ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும் என்பதால் தலைகீழாகச் செருகி போர்டை எரித்துவிடுவோமோ என்ற பயம் இல்லை. அடாஃப்ரூட் நிறுவனத்தின் இதே மாதிரி இணைப்பான ஸ்டெம்மா க்யூடியும் இதோடு பொருந்தும். உள்ளே ஓடுவது, சில்லுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள பிலிப்ஸ் 1982-ல் கொண்டுவந்த ஐ2சி முறைதான்.

இந்த சாக்கெட் உள்ள, நம் கோட் ஓடும் ஈஎஸ்பி32 போர்டில் பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 சென்சாரை மாட்டினேன். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றும் பத்தே நிமிடத்தில் திரைக்கு வந்துவிட்டன. சாலிடரிங் அயர்னைக் கையில் எடுக்கவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, சில்லிடமே நீ யார் என்று கேட்க முடிவதுதான். இதற்கு முன்னால் ஒரு கடையில் பிஎம்இ280 என்று சொல்லி மலிவாகக் கொடுத்த மாட்யூலில் ஈரப்பதம் வரவே இல்லை. சில்லின் அடையாள எண் இருக்கும் ரெஜிஸ்டரை (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடம்), ஹெக்ஸ் அதாவது பதினாறு அடிமான எண்ணில் டி0 என்ற முகவரியில், படித்துப் பார்த்தேன். பிஎம்இ280 என்றால் ஹெக்ஸ் 60 வர வேண்டும், எனக்கு வந்தது 58. அது பிஎம்பி280, ஈரப்பதம் அளக்கும் பகுதியே அதில் கிடையாது. எங்கே வாங்கினாலும் முதல் வேலையாக இந்த எண்ணைப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டுவதற்குள்.

குறைகளும் உண்டு. ஐ2சி-யில் ஒவ்வொரு சில்லையும் கூப்பிட ஒரு முகவரி வேண்டும், இந்த சென்சாருக்கு இருப்பது இரண்டே, ஹெக்ஸ் 76, 77. அதனால் ஒரே பஸ்ஸில் (எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஒயர்த் தொகுதி) இரண்டுக்கு மேல் நேரடியாக வைக்க முடியாது, மூன்றாவது வேண்டுமென்றால் பஸ்ஸைப் பல கிளைகளாகப் பிரித்துக் கொடுக்கும் மல்டிபிளெக்சர் வாங்க வேண்டும். அப்புறம், போர்டை ஒட்டியே வைத்தால் ஈஎஸ்பி32-இன் சூடும் சேர்ந்து வெப்பநிலை கூடுதலாகக் காட்டும், கொஞ்சம் நீளமான ஒயராகப் பார்த்து வாங்கித் தள்ளி வையுங்கள்.

அதற்காக மொட்டை மாடிவரை இழுத்துவிடாதீர்கள். ஐ2சி ஒரே போர்டில் இருக்கும் சில்லுகள் பேசிக்கொள்வதற்காக உருவானது, ஒயர் நீள நீள அதன் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) ஏறி சிக்னல் மழுங்கிவிடும். மாடித் தொட்டியின் வெப்பநிலை மட்டும் போதும் என்றால் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சாரை வாங்குங்கள், ஒரே டேட்டா ஒயர், ஒவ்வொரு சென்சாருக்கும் தனி 64 பிட் அடையாள எண், மீட்டர் கணக்கில் இழுத்தாலும் தாங்கும்.