மழைக்காலத்தில் சாயில் டெஸ்ட் எடுக்கிறீர்களா? முன்பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த கையோடு, சென்னைக் கடற்கரையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் எங்கள் மனைக்கு மண் பரிசோதனை செய்ய ஆட்கள் வந்தார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

முக்காலியை நட்டுத் துளை போட ஆரம்பித்தார்கள். துளையின் அடியில் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. அடி கூடினால் மண் கெட்டி என்று அர்த்தம். ஓர் ஆள் ஆழம் போவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது. அதை ஓயாமல் இறைத்துக் கொட்டினார்கள். "இறைத்துவிட்டு அடித்தால்தான் சரியாக வரும் சார்" என்றார் மேஸ்திரி. அக்கறையான வேலை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மை நேர்மாறு. கடற்கரை மணலில் துளைக்குள் நீர்மட்டம் வெளியே இருப்பதைவிடத் தாழ்ந்தால், சுற்றியுள்ள நீர் அடியிலிருந்து மணலைக் கிளப்பிக்கொண்டு உள்ளே பாயும். இளகிப்போன அந்த மணலில் அடித்தால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். வெளி மட்டத்துக்குக் குறையாமல் துளையில் நீரை நிறுத்திவைத்து அடிப்பதுதான் முறை.

அடியும் ஒழுங்கில்லை. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து தடையின்றி விழ வேண்டும். குழாய் 45 செ.மீ. இறங்கும், முதல் 15-ஐ விட்டுவிட்டு, மீதி 30-க்கான அடிகளையே கணக்கில் கொள்வார்கள். நனைந்த கயிறு வழுக்கியதால் பையன்கள் பாதி உயரத்திலேயே கைவிட்டார்கள். உயரம் குறைந்தால் அடி கூடும். காகிதத்தில் மண் கெட்டியாகிவிடும். ஒரு தவறு எண்ணைக் குறைக்க, இன்னொன்று கூட்ட, எதை நம்புவது?

பக்கங்கள் சரியாமல் தாங்கும் உறைக்குழாயை இறக்காததால், துளை 4 மீட்டரிலேயே சரிந்து மூடிக்கொண்டது. அறிக்கையிலோ 10 மீட்டர் வரை எண்கள் வரிசையாக நின்றன! எங்கள் கட்டமைப்புப் பொறியாளர் முதல் பக்கத்தையே தாண்டவில்லை. 'நிலத்தடி நீர்மட்டம்: காணப்படவில்லை' என்று இருந்தது. டிசம்பர் மாதம், கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்! நீர் தரைமட்டம் வரை ஏறினால் மணலின் தாங்குதிறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உலர்ந்த மணலுக்கான கணக்கைப் போட்டு, சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் என்று முத்திரையும் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

கேட்டதற்கு, "பிளான் அப்ரூவலுக்கு இது போதும் சார், எல்லோருக்கும் இப்படித்தான் கொடுக்கிறோம்" என்று பதில். பணம் திரும்ப வரவில்லை.

மழைக்காலத்தில் பரிசோதனை எடுப்பதே தவறு என்று சொல்லவில்லை. நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அஸ்திவாரக் கணக்குக்கு வேண்டியதும் அந்த மட்டம்தான். ஆனால் உறைக்குழாய் இறக்குவார்களா, துளை போட்டு 24 மணி நேரம் கழித்து நீர்மட்டத்தை அளப்பார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இரண்டாவதாக வந்தவர்கள் அப்படியே செய்தார்கள். நீர் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருந்தது. தாங்குதிறன் 9 டன்தான். தூணுக்குத் தூண் தனித்தனி ஃபுட்டிங்கை விட்டு, கட்டடத்தின் அடி முழுவதும் ஒரே கான்கிரீட் தளமாகப் போடும் ராஃப்ட் அஸ்திவாரத்துக்கு மாறிவிட்டோம். முதல் அறிக்கையில் கையெழுத்திட்ட பொறியாளரை இதுவரை தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை.