டிவிஎஸ் கோல்டு கீபோர்டு: 13 வருடம் அடித்த பிறகு

பாளையங்கோட்டையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, சுடலைமாடன் கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, இதுதான் வேலை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் யளனகபக அடித்து லோயர், ஹையர் முடித்த கை இது, ரப்பர் வைத்த சாதா கீபோர்டு அதற்கு என்றைக்குமே ஒத்துவரவில்லை. அடி வரைக்கும் அமுக்கினால்தான் எழுத்து விழும், விழுந்ததா என்று திரையைப் பார்க்க வேண்டும், சாயங்காலம் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். 13 வருடத்துக்கு முன்னால், ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டான டிவிஎஸ் கோல்டு வாங்கினேன், இன்றைக்கும் அதில்தான் அடிக்கிறேன்.

போன மாதம் க மட்டும் மக்கர் பண்ணியது. ஒரு தடவை தட்டினால் இரண்டு விழுகிறது. பழைய டைப்ரைட்டர் முறையில் முதலில் கொம்பு, அப்புறம் எழுத்து, அப்புறம் கால் என்பதால் 'கொடை' என்று அடித்தால் 'கெகாடை' என்று வந்து நிற்கும். பேப்பர் வெட்டுகிற தூசியும் நான் சிந்திய காபியும் சேர்ந்து செய்த வேலை. வண்ணார்பேட்டையில் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். "இதைத் தூரப் போட்டுறாதீய, ஒரு ஸ்விட்சுதான் போயிருக்கு" என்றார்.

ஈயத்தை உருக்கி அந்த ஒற்றை ஸ்விட்சைக் கழற்றி, தினத்தாள் மேல் வைத்துப் பிரித்துக் காட்டினார். ஜெர்மன் கம்பெனியான செர்ரியின் எம்எக்ஸ் ப்ளூ அது. நீலத் தண்டு ஒன்று, அதன் இடுப்பில் லொடலொடவென்று ஆடுகிற ஒரு வெள்ளைத் துண்டு, அடியில் ஸ்பிரிங், ஓரத்தில் முடி மாதிரி மெல்லிய ஒரு தகடு. கீயை அமுக்கும்போது நீலம் இறங்குகிறது, வெள்ளை மட்டும் தகட்டின் மேட்டில் மாட்டிக்கொண்டு பின்தங்குகிறது. நீலம் இன்னும் நெருக்கினதும் வெள்ளை மேட்டைத் தாண்டிப் பட்டென்று கீழே போய் இடிக்கிறது. நாம் கேட்கிற 'டிக்' அந்த இடிதான்! அதே நேரத்தில், அதுவரை தள்ளிப் பிடித்திருந்த தகடும் விடுபட்டு எதிரே இருக்கிற தங்கப் புள்ளியைத் தொடுகிறது, எழுத்து விழுகிறது. இதெல்லாம் நடப்பது சுமார் 2.2 மில்லிமீட்டரில், கீ போகக்கூடிய தூரமோ 4 மில்லிமீட்டர். பாதியிலேயே விரலுக்குச் சேதி வந்துவிடுவதால் மீதியை அமுக்க வேண்டியதே இல்லை. என் மணிக்கட்டு வலி போனதற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

உலோகம் உலோகத்தைத் தொடும்போது சில மில்லி செகண்ட் துள்ளத்தான் செய்யும், கீபோர்டுக்குள் இருக்கிற சிப் அதைப் பொறுத்துக்கொள்ளும். அழுக்கு சேர்ந்தால் துள்ளல் நீண்டுவிடும், சிப் அதை இரண்டாவது அடி என்று எடுத்துக்கொள்ளும்.

1980களில் வந்த ஐபிஎம் மாடல் எம் வேறு வழி. அங்கே ஸ்பிரிங்கே பக்கவாட்டில் வளைந்து மடங்கி, அடியில் இருக்கிற சின்னச் சுத்தியலைச் சாய்க்கும், சத்தமும் எழுத்தும் அந்த ஒரே அசைவில் வரும். செர்ரியில் எழுத்துக்குத் தகடு, சத்தத்துக்கு வெள்ளைத் துண்டு. இதில் கீ கொஞ்சம் நன்றாகவே மேலே வந்தால்தான் அடுத்த அடிக்குத் தயாராகும், ஒரே எழுத்தைப் படபடவென்று இரண்டு தடவை அடிக்கிறவர்கள் அதற்குப் பழக வேண்டும்.

ஒரு கீக்கு 5 கோடி அடி தாங்கும் என்பது செர்ரி சொன்ன கணக்கு. தினம் 5,000 தடவை க அடித்தாலும் 27 வருடம் வரும். புதிதாக வாங்குகிறவர்கள் உள்ளே எந்த ஸ்விட்ச் என்று கேட்டு வாங்குங்கள், நான் சொல்வது என்னிடம் இருப்பதைப் பற்றி. பக்கத்தில் குழந்தை தூங்குகிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அண்ணாச்சி புது ஸ்விட்ச் தேடவில்லை. நான் ஒரு நாளும் தொடாத ஸ்க்ரோல் லாக்கில் இருந்ததைக் கழற்றி க-வுக்கு வைத்துவிட்டார். 13 வருடம் சும்மா கிடந்தது என்பதால் மற்றதைவிடக் கணீரென்று கேட்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் க எங்கெங்கே விழுகிறது என்று சொல்லிவிடுவேன்.