மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா: தோட்டப்புறப் பிள்ளைகளின் மனச்சிதைவுக்கு எது முதலில்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிற்றூரில், ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் பள்ளிக்குப் போகாமல் அறைக்குள் முடங்கி, பக்கத்து வீட்டார் தன்னையே வேவு பார்ப்பதாகச் சொல்லத் தொடங்கினால், அது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோயின் தொடக்கமாக இருக்கலாம். ஆனால் பெற்றோர் பெரும்பாலும் முதலில் நாடுவது கோயிலையும் மந்திரிப்பவரையும்தான். அதிகத் தொலைவில்லாத தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு முதல் மனநல மருத்துவமனை இயங்கிவந்தும், ஊர் வாய்க்கு அஞ்சி மாதங்களைக் கடத்துகிறார்கள். திருநீறு பூசுவதால் கெடுதல் இல்லை. காலம் கடப்பதுதான் கெடுதல். அமெரிக்காவில் முதன்முறை நோய் கண்டோரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், மருந்து, குடும்பக் கல்வி, பேச்சுச் சிகிச்சை, படிப்பு மற்றும் வேலைக்கான உதவி ஆகியவற்றை ஒருங்கே தந்த திட்டத்தால் கூடுதல் பயன் அடைந்தவர்கள், சிகிச்சையின்றிக் கழித்த காலம் குறைவாக இருந்தவர்களே.

மருந்து மட்டும், பேச்சு மட்டும், இரண்டும் சேர்ந்து என்ற மூன்று வழிகளையும் 14 முதல் 18 வயது வரையிலானவர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆனால் பங்கேற்றோர் 61 பேரே. இத்தகைய ஒப்பீட்டை நடத்த முடியுமா என்று பார்ப்பதே அதன் நோக்கம் என்பதால், எது சிறந்தது என்ற தீர்ப்பை அதிலிருந்து பெற இயலாது. இளையோருக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி நெறி மாத்திரையுடன் குடும்பச் சிகிச்சையையும் தனிநபர் பேச்சுச் சிகிச்சையையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. பேச்சு மட்டும் போதும் என்று விரும்புவோருக்கு, மருந்தும் சேர்ந்தால் பலன் கூடும் என்று எடுத்துச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது.

மருந்தின் பக்கம் உள்ள வலுவான சான்று, நோய் திரும்புவதைத் தடுப்பதில் இருக்கிறது. 2012இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 27 விழுக்காடு. போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 விழுக்காடு. இந்த ஆய்வுகளில் பங்கேற்றோரில் பெரும்பாலோர் வயது வந்தோர் என்பதை மறக்கக் கூடாது.

மருந்துக்கு உடல் கொடுக்கும் விலையும் பெரிது. 8 முதல் 19 வயதினரிடம் எட்டு வாரம் நடந்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓலான்சப்பின் என்ற மனச்சிதைவு மருந்தை எடுத்தவர்களுக்குச் சராசரியாக 6.1 கிலோவும், ரிஸ்பெரிடோன் என்ற மற்றொரு மருந்தை எடுத்தவர்களுக்கு 3.6 கிலோவும் எடை கூடியது. ஓலான்சப்பின் பிரிவை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. மலேசியாவில் நீரிழிவு மிகுதியாக உள்ள சமூகம் இந்தியர்களாகிய நம்முடையதே என்பதால், தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் இனிப்பு நீர் உள்ள வீட்டில் இது சிறு விஷயமன்று. எடை அவ்வளவாகக் கூட்டாத அரிப்பிப்ரசோல் சிலரை ஓரிடத்தில் உட்காரவிடாத பரபரப்புக்கு ஆளாக்குகிறது; ரிஸ்பெரிடோன் மாதவிடாயைத் தாமதப்படுத்தலாம், மார்பில் பால் சுரக்கச் செய்யலாம். ஆகவே மருந்து எழுதும் நாளிலேயே எடை, இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும்படி பெற்றோர் கேட்க வேண்டும்.

பேச்சுச் சிகிச்சையின் விலை வேறு: பணம், பேருந்து, மொழி. தனிநபர் சிகிச்சைக்குக் குறைந்தது 16 அமர்வுகள் தேவை என்கிறது அதே பிரிட்டிஷ் வழிகாட்டி நெறி. தமிழில் பேசும் உளவியலாளரைத் தேடி ஈப்போவுக்குப் போய்வர, ஒவ்வொரு முறையும் ஒருவர் வேலைக்கு விடுப்பெடுக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். குடும்பச் சிகிச்சையின் கணக்கு வேறு. மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது பத்து அமர்வுகள். உள்ளடக்கமும் நோயை விளக்குவது, திட்டாமல் பேசப் பழக்குவது, தூக்கம் கெடுவது போன்ற முன்னறிகுறிகளைக் கவனிக்கக் கற்பிப்பது என்றவாறு அமைகிறது. ஓயாத குறைகூறல் உள்ள வீட்டில் நோய் விரைவில் திரும்புகிறது என்று பல்லாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. "சோம்பேறி, நடிக்கிறான்" என்று அப்பா நாள்தோறும் சொல்லும் இரண்டறை வீட்டில் மாத்திரை செய்யும் வேலையில் பாதி வீணாகிறது என்பது என் கருத்து.

எனவே என் வரிசை இது: குறைந்த அளவில் மாத்திரை, உடனே குடும்பச் சிகிச்சை, வாய்ப்புக் கிடைக்கும்போது தனிநபர் சிகிச்சை. இரு வேறு மருந்துகளை உரிய அளவில், ஒவ்வொன்றையும் ஆறு முதல் எட்டு வாரம் கொடுத்தும் பலனில்லையெனில் குளோசப்பின் என்ற மருந்தைப் பற்றிக் கேட்கலாம்; வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் அதற்கு முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை வேண்டும். பிள்ளை தேறியதும் மாத்திரையைத் தானாக நிறுத்துவதே பலரும் தடுக்கிவிழும் இடம். முதல் ஓரிரு ஆண்டுகளில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. குறைப்பதானால் மருத்துவரின் பார்வையில், சிறிது சிறிதாக, ஐந்தாம் படிவ இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்காத மாதங்களில் குறைப்பது நல்லது.